ஃபியட், சி.ஐ.டி., ஐ.என்.ஏ.: மூன்று சுருக்கப் பெயர்களும் ஒரு மறதியும்

தில்லியில் வாழும் தமிழருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்பது மீனும் தேங்காயும் வாழைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் இடம். சப்தர்ஜங் விமானத்தளத்துக்கு அருகில், அரவிந்தர் சாலையை ஒட்டி அமைந்த அச்சந்தையின் பெயரிலுள்ள மூன்று எழுத்துகள் இந்திய தேசிய இராணுவத்தைக் குறிப்பவை என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் "ஐ.என்.ஏ.வில் இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்பவர் எவரும் ஒரு படையை நினைத்துச் சொல்வதில்லை. சுருக்கப் பெயர் பொதுச்சொல்லாக உறைந்ததும் அதன் விரிவு பேசுபவரின் நினைவிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. மொழியியலில் இது மிகச் சாதாரணமான நிகழ்வு. வரலாற்றில் அவ்வளவு சாதாரணமானதன்று.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் இவ்வாறு உறைந்துபோன வேறிரு பெயர்களை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று ஃபியட், மற்றொன்று சி.ஐ.டி. முன்னது இத்தாலிய மோட்டார் வாகனம். பின்னது தமிழ் உளவுப் படங்களின் நாயகன். 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் தமிழ்ச் சமூகம் வேகத்தையும் இரகசியத்தையும் எவ்வாறு கற்பனை செய்துகொண்டது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. அக்கற்பனை எதை விட்டுவிட்டது என்பதை மூன்றாவது பெயர் காட்டுகிறது.

'ஃபாப்ரிக்கா இத்தாலியானா ஆட்டோமொபிலி டோரினோ' என்பதன் முதலெழுத்துகளே ஃபியட். டூரின் நகரில் 1899இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. இந்தியாவில் 'ஃபியட் கார்' என்றாலே நினைவுக்கு வரும் வண்டி 1100 வரிசையைச் சேர்ந்தது. இத்தாலியர் அதனை 'மில்லெச்சென்தோ', அதாவது 'ஆயிரத்து நூறு', என்று வழங்கினர். மருத்துவரும் வழக்கறிஞரும் ஓட்டிய குடும்ப வண்டியாகவே அதனை இங்கு அறிந்திருக்கிறோம். பிறந்த மண்ணில் அதன் குலவரலாறு வேறு. ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகிய என்ஸோ ஃபெராரி, ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் தம் பெயரைப் பயன்படுத்த இயலாத நிலையில், 815 என்ற எண்ணைச் சூட்டி உருவாக்கிய முதல் பந்தய வண்டி ஃபியட் 1100இன் முந்தைய வடிவமான 508 சி-யின் உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டது. 1940இல் பிரெஷியாவில் நடந்த மில்லே மில்யா பந்தயத்தில் அவ்வகை வண்டிகள் இரண்டு ஓடின. ஒன்றை ஓட்டியவர் பின்னாளில் உலகச் சாம்பியனான ஆல்பெர்தோ அஸ்காரி. இரண்டுமே பந்தயத்தை முடிக்கவில்லை. போருக்குப் பின் சிசித்தாலியா நிறுவனம், ஃபியட்டின் பொறியாளர் தாந்தே ஜாக்கோஸாவின் வடிவமைப்பில், 1100இன் உறுப்புகளைக் கொண்டு டி46 என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைச் செய்தது. 1947 மில்லே மில்யாவில் தாத்ஸியோ நூவோலாரி இரண்டாமிடம் பெற்றதும் சிசித்தாலியா வண்டியில்தான். எளிய குடும்ப வண்டியின் எஞ்சினைச் சீரமைத்துப் பந்தயத்துக்கு அனுப்புவது வட இத்தாலியப் பட்டறைகளில் ஒரு கைத்தொழில் மரபாகவே இருந்தது.

இந்தியாவுக்கு இவ்வண்டி வந்த வழி பந்தயத்தின் வழியன்று. அரசின் தொழிற்கொள்கையின் வழி. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லா ஆலையில் முதலில் அமெரிக்க கிரைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகளைப் பூட்டி விற்றது. பின்னர் ஃபியட்டுடன் கைகோத்தது. உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953இல் முடிவானபின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவற்றுள் வீட்டுக் கார் என்ற அளவில் மூன்றே நிலைத்தன: உத்தர்பாராவில் உருவான அம்பாசடர், குர்லாவின் ஃபியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டைப் பலரும் ஆங்கிலேய வண்டி என்பர். அதன் உடலமைப்பை வரைந்தவர் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோத்தி. ஆகவே அக்காலச் சென்னைத் தெருவில் ஓடிய மூன்று வகை வண்டிகளுள் இரண்டு டூரினில் உருக்கொண்டவை. இதனை ஒரு வேடிக்கைத் தகவலாகக் கடந்துவிடலாகாது. இத்தாலிய வடிவமைப்பைத் தமிழர் அறிந்தது ஃபெராரியின் வழியாக அன்று. கொஞ்சம் நெளிந்த பம்பரோடு வீட்டு வாசலில் நின்ற இவ்விரு வண்டிகளின் வழியாகவே.

தேர்வில்லாத நாட்டில் ஒரே வண்டி எல்லா வேடமும் ஏற்கவேண்டும். வாடகை வண்டியும் திருமண ஊர்தியும் பந்தய வண்டியும் ஃபியட்டே ஆயின. சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் 1953இல் தொடங்கப்பட்டது; கல்கத்தா சாலையில் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற விமான ஓடுதளத்தில் அது பந்தயங்களை நடத்தியது. வெயிலில் காய்ந்த அந்தக் காங்கிரீட் தளத்தில் மன்னர் குடும்பத்தாரும் செல்வந்தரும் கொண்டுவந்த அயல்நாட்டு வண்டிகள் ஒருபுறம் ஓடின. மறுபுறம் ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடின. கூட்டத்தின் கண்களை அயல்நாட்டு வண்டிகள் கவர்ந்திருக்கலாம். ஆனால் இந்திய மோட்டார் பந்தயத்தின் தொழில்நுட்ப வரலாறு இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, இரண்டாவது கார்புரேட்டர் பொருத்துவது, இருக்கைகளையும் பம்பர்களையும் கழற்றி எடையைக் குறைப்பது எனச் சென்னை, கோவைப் பட்டறைகளின் மெக்கானிக்குகள் செய்தவை யாவும் மோதெனா, டூரின் பட்டறைகளில் அதே எஞ்சின் குடும்பத்தின்மீது முந்தைய தலைமுறையினர் செய்தவையே. ஒருவரை ஒருவர் அறியாமல் இரு கைத்தொழில் மரபுகள் ஒரே 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சினில் சந்தித்தன. கோவையின் எஸ். கரிவர்தன் 1980களில் ஃபார்முலா வகை வண்டிகளை உள்நாட்டிலேயே கட்டியதும், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளம் எழுந்ததும், 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றில் நுழைந்ததும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணத்தக்கவை.

இனி உளவுப் படங்கள். ஜேம்ஸ்பாண்டின் நிழலே இங்கு விழுந்தது என்பது பொதுக் கருத்து. 1962இல் தொடங்கிய பாண்ட் படவரிசையின் செல்வாக்கை மறுப்பதற்கில்லை. ஆனால் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' (1966), இங்கிலாந்தைவிட பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நெருக்கமானது. ஓ.எஸ்.எஸ். 117 என்னும் உளவாளியை நாயகனாகக் கொண்டு 1964இல் வெளியான, பாங்காக்கில் நிகழும் பிரெஞ்சு-இத்தாலியக் கூட்டுத் தயாரிப்புப் படமே அதன் மூலம். இந்த 117, ழான் புரூஸ் 1949இல் எழுதத் தொடங்கிய நாவல்களின் நாயகன். 1953இல் பிறந்த 007க்கு நான்கு வயது மூத்தவன். அக்காலத்தில் ரோமாபுரியின் படப்பிடிப்புக்கூடங்கள் குறைந்த செலவில் உளவுப் படங்களை வரிசையாக வெளியிட்டுக்கொண்டிருந்தன. பாண்ட் படத்தின் பெருஞ்செலவை சேலத்தால் எட்டமுடியாது. இத்தாலியச் சிக்கனத்தை எட்டமுடியும். ஃபெராரி எட்டாத ஊரில் ஃபியட் எட்டியதைப் போன்றதே இது.

எண்கள் தனிக் கதை. தெலுங்கில் 'கூடசாரி 116' (1966), தமிழில் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'ரகசிய போலீஸ் 115' (1968), கன்னடத்தில் ராஜ்குமாரின் சி.ஐ.டி. 999. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல்லே இங்கு முக்கியம். தமிழுக்கு ஒற்றன் என்ற சொல் உண்டு. திருக்குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. இருந்தும் திரைத்தமிழ் தேர்ந்தது 'சி.ஐ.டி.'யையும் 'ரகசிய போலீ'ஸையும். காலனிய ஆட்சியின் குற்றப்புலனாய்வுத் துறை அரசியல் இயக்கங்களை வேவு பார்த்த அமைப்பு. ஆகவே ஊர் வழக்கில் வேவு பார்ப்பவர் எவரும் சி.ஐ.டி. ஆயினர். இதனைத் திரையுலகின் அறியாமை என்று எள்ளுவோர் உளர். உண்மையில் 1968 செப்டம்பரில் ஆர்.என். காவின் தலைமையில் 'ரா' தனியமைப்பாகும்வரை, அயல்நாட்டு உளவுப்பணியும் போலீஸ் அதிகாரிகள் நடத்திய உளவுத்துறையிடமே இருந்தது. 'ரகசிய போலீஸ் 115' வெளியானது அதே ஆண்டின் தொடக்கத்தில். தலைப்பு நிர்வாக நடைமுறையோடு ஒத்துத்தான் போயிற்று.

இப்படங்களின் துரத்தல் காட்சிகளுக்கு ஃபியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் போதவேண்டியிருந்தன. வில்லனின் செல்வத்தைக் காட்டவேண்டுமெனில் பழைய அமெரிக்க வண்டி வரும். உதய்ப்பூருக்கு வந்து, 1983இல் வெளியான பாண்ட் படமான 'ஆக்டோபஸ்ஸி' இவ்வேறுபாட்டை அறியாமலேயே பதிவு செய்தது: இந்தியக் காட்சிகளில் சென்னையின் விஜய் அமிர்தராஜ் ஓட்டுவது ஆட்டோ, ஜெர்மனியில் பாண்ட் கைப்பற்றி விரைவது ஆல்ஃபா ரோமியோ ஜி.டி.வி.6.

பாங்காக்கிலிருந்தும் பாரிசிலிருந்தும் கதை வாங்கிய இப்படங்களின் காலத்தில், சென்னைக்கே சொந்தமான ஓர் உளவுக் கதை இருந்தது. 1942இல் பினாங்கில் இந்திய சுதந்திரக் கழகம் நடத்திய பயிற்சிக்கூடத்தில் தேறிய இளைஞர்கள், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, செப்டம்பர் இறுதியில் மலபாரின் தானூர்க் கரையில் இரப்பர்ப் படகில் இறங்கினர். வேறு சிலர் வேறு வழிகளில் நுழைந்தனர். பலரும் விரைவில் பிடிபட்டனர். பகைநாட்டு உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சென்னையில் விசாரிக்கப்பட்டனர். வக்கம் அப்துல் காதரும் தோழர்கள் சிலரும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஐ.என்.ஏ.யின் உளவாளிகள் என்று பின்னாளில் நினைவுகூரப்படுவோர் இவர்களே.

நீர்மூழ்கி, கடற்கரை, இரகசியக் குறியீடு, தூக்குமேடை என உளவுப் படத்துக்குரிய அனைத்தும் இக்கதையில் இருந்தன. ஆனால் அவ்வகைப் படத்தின் நாயகன் சி.ஐ.டி.; இவர்களோ அத்தகைய அமைப்புகளிடம் பிடிபட்டவர்கள். காவல்துறையின் ஆளை மட்டுமே நாயகனாக ஏற்கும் சொல்லொன்றைத் தேர்ந்தபின், பிடிபட்டவனுக்கு அக்கதையில் வில்லன் இடம்தவிர வேறில்லை. சொல் கதையைத் தேர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

அவர்கள் தூக்கிலிடப்பட்ட சிறை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், 2009இல் இடிக்கப்படும்வரை நின்றது. அவ்விடத்தில் இப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் உள்ளன.