கதைக்கு முன்னால் வந்த விளம்பரம்

1943இல் ‘மங்கம்மா சபதம்’ வசூலைக் குவித்த கையோடு, ஜெமினி ஸ்டூடியோவின் அடுத்த படம் ‘சந்திரலேகா’ என்று எஸ். எஸ். வாசன் விளம்பரம் கொடுத்துவிட்டார். அப்போது அவரிடம் இருந்தது கதாநாயகியின் பெயர் மட்டுமே. கதை இல்லை.

கொத்தமங்கலம் சுப்பு, கே. ஜே. மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு முதலியோர் அடங்கிய கதை இலாகா அந்தப் பெயருக்குக் கதை தேடி உட்கார்ந்தது. அறிவிப்புக்கு முன்பே அவர்கள் சொல்லியிருந்த கதையில், கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து மிளகாய்ப்பொடியைத் தூவுகிற துணிச்சல்காரி வந்தாள். வாசனுக்கு அந்தக் கொடூரம் பிடிக்கவில்லை. கதை போயிற்று, பெயர் நின்றது. பிறகு ரெயினால்ட்ஸ் எழுதிய ஓர் ஆங்கில நாவலின் காட்சியைக் கிட்டு எடுத்துச் சொல்ல, அதிலிருந்து வளர்ந்ததுதான் அரியணைக்காக மோதும் இரு இளவரசர்களின் கதையும், அவர்களுக்கிடையே சிக்கும் நாட்டியக்காரியின் கதையும்.

சரக்கு வருமுன்னே கடையைத் திறப்பது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் வாசன் சினிமாவுக்கு வந்ததே விளம்பரத் தொழிலின் வழியாகத்தான். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்தார். தபால் வழி வியாபாரமும் செய்தார். 1928இல் நொடித்துக் கிடந்த ‘ஆனந்த விகட’னை வாங்கி, குறுக்கெழுத்துப் போட்டி போன்ற உபாயங்களால் அதன் விற்பனையை ஏற்றினார். எதைச் சொன்னால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கணக்கை அங்கேயே கற்றுவிட்டார்.

அறிவித்த படம் முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. பாதிக்கு மேல் இயக்கிய டி. ஜி. ராகவாச்சாரி விலகிக்கொள்ள, வாசனே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். நிஜ சர்க்கஸ் கம்பெனிகள் வரவழைக்கப்பட்டன. முரசு நடனத்துக்கு மட்டும் சுமார் 400 பேர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ராட்சத முரசுகளின் மேல் ஆடி முடிந்ததும், அவற்றுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்துப் போரிடும் அந்தக் காட்சியே படத்தின் அடையாளமாயிற்று. மொத்தச் செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். இந்தியப் படம் எதற்கும் அதுவரை அவ்வளவு செலவானதில்லை.

அன்றைய பட விளம்பரம் என்றால் பெரும்பாலும் சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், மாட்டு வண்டியில் தட்டி கட்டி மேளத்தோடு ஊர் சுற்றி நோட்டீஸ் வீசுவது ஆகியவைதாம். வாசன் முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்களுக்கும் தாராளமாகச் செலவிட்டார். படத்தின் பிரம்மாண்டமே விளம்பரத்தின் சரக்காயிற்று. செலவு கூடியது என்ற பேச்சும் ஊர் முழுக்கப் பரவி, காசில்லாமலே படத்துக்குக் கூட்டம் சேர்த்தது.

1948 ஏப்ரல் 9 அன்று டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் நடித்த தமிழ்ப் படம் வெளிவந்தது. கூட்டம் வந்தும் போட்ட முதலை எடுக்கத் தமிழ்நாட்டு வசூல் போதவில்லை. எனவே சில காட்சிகளை மாற்றியும் சேர்த்தும் இந்திப் பதிப்பை வாசன் தயாரித்தார். வடக்கே வெளியிடும் பொறுப்பை தாராசந்த் பர்ஜாத்யா ஏற்றார். டிசம்பர் 24 அன்று வெளியான இந்திப் படத்துக்கு வடநாட்டு நகரங்களிலும் அதே அளவில் விளம்பரம் நடந்தது. இரு மொழிக்குமாக 600க்கும் மேற்பட்ட பிரதிகள் போடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தமிழில் விட்டதை இந்தி ஈடுகட்டியது.

அதன் பிறகு சென்னை ஸ்டூடியோக்களுக்கு இந்திச் சந்தையின் கதவு திறந்தது. ஜெமினியே 1949இல் ‘நிஷான்’ எடுத்தது, ஏவி.எம். 1951இல் ‘பஹார்’ படத்தோடு அதே பாதையில் இறங்கியது.