துவக்கும் கைப்பிடியும்: கொழும்பின் சுடுகருவி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளைப் போற்றுவோர் உலகெங்கும் உளர். உளி பிடிக்கும் தச்சனும் வாள் ஏந்திய வீரனும் தத்தம் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு எளிதில் முடிவதில்லை. சுடுகருவிகளைப் போற்றுவோரும் இதற்கு விலக்கல்லர். அவர்களது உரையாடல் பெரும்பாலும் மூன்று வினாக்களைச் சுற்றியே நிகழும். எத்துப்பாக்கி சிறந்தது? வேண்டிய வேளையில் அது பிழையாது வெடிக்குமா? அதன் பிடி கைக்கு இயைந்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் இலங்கை வரலாற்றில் நீண்ட விடைகள் உள. ஆயினும் கொழும்பு நகரின் வரலாறு, குறிப்பாக அந்நகர்த் தமிழரின் வரலாறு, நான்காவது வினாவொன்றையும் எழுப்புகின்றது. அப்பிடியைப் பற்றியிருக்கும் கை யாருடையது என்பதே அவ்வினா.

துருக்கி மொழியின் 'துபெக்' என்னுஞ் சொல்லிலிருந்தே தமிழகத்தின் 'துப்பாக்கி'யும், ஈழத்துப் பேச்சு வழக்கிலுள்ள 'துவக்கு'ம், சிங்களத்தின் 'துவக்குவ'வும் பிறந்தன. சொல்லின் இவ்வழிப்பயணம் கருவியின் வழிப்பயணத்தையும் ஒருவாறு புலப்படுத்தும். 1505ஆம் ஆண்டளவிற் போத்துக்கேயர் கொழும்புத் துறையை அடைந்தபோது, அவர்தம் பீரங்கியின் முழக்கம் இடியினும் பெரிதென்று கோட்டை மன்னனுக்கு அறிவிக்கப்பட்டதாக இராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறும். அம்முழக்கத்தைக் கேட்டு அஞ்சிய நாட்டவர் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. அக்கருவியைத் தாமே ஆக்கக் கற்றனர். அவ்வாறு கற்ற கம்மியர் அதற்குத் தமது கலைமரபின் வடிவத்தையும் அளித்தனர்.

கண்டி இராச்சியத்திற் செய்யப்பட்ட துவக்குகளை ஐரோப்பியத் துவக்குகளோடு ஒப்பிடுமிடத்து இரு வேறுபாடுகள் உடன் புலனாகும். ஐரோப்பியத் துவக்குகளிற் பெரும்பாலும் வலப்புறத்திலே பொருத்தப்படும் தீக்கல் பொறி, சிங்களத் துவக்குகளில் இடப்புறத்தில் அமைந்தது. அடுத்து, தோளிற் பதியும் சோங்கு இரண்டாகப் பிரிந்து சுருள் வடிவம் பெற்றது. குழலிலும் பொறியிலும் வெள்ளியும் பித்தளையும் இழைக்கப்பட்டன. சோங்கில் யானைத் தந்தம் பதிக்கப்பட்டது. கோயிற் கதவுகளிலும் ஓலைச்சுவடிச் சட்டங்களிலும் காணப்படும் அதே கொடிக்கருக்கு வேலைப்பாடு துவக்கிலும் படர்ந்தது. இவ்வகையில் எஞ்சியுள்ளவற்றுட் பெரும்பாலானவை நீள்துவக்குகளே. ஒரு கையாற் பிடித்துச் சுடும் கைத்துவக்குகள் அருமையாகவே காணப்படுகின்றன. முக்காலியில் வைத்துச் சுடும் சிறு பீரங்கி 'கொடித்துவக்கு' எனப்பட்டது. அதற்கெனத் தனித் திணைக்களமும் அதிகாரியும் அரசனின் ஆட்சியமைப்பில் இடம்பெற்றமை, சுடுகருவி அவ்வரசிற் பெற்றிருந்த இடத்தைக் காட்டும்.

இக்கைவினை மரபின் மதிப்பை ஆங்கிலம் கற்ற உலகுக்கு எடுத்துரைத்தோருள் முதன்மையானவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிலே தேசிய நூதனசாலை திறக்கப்பட்ட 1877ஆம் ஆண்டிலேயே அந்நகரிற் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக ஊர்கள் தோறும் சென்றபோது கம்மாளரையும் தந்தவேலை செய்வோரையும் நேரிற் கண்டார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது நூல் அக்காட்சியின் விளைவாகும். அரசனும் பிரதானிகளும் ஆதரித்த காலத்திற் கருவியும் கலையும் வெவ்வேறாகக் கருதப்படவில்லை என்பதும், அவ்வாதரவு நீங்கியபின் கைவினைஞர் நலிந்தனர் என்பதும் அந்நூலால் விளங்கும். பிடியைத் தன் கைக்கேற்பச் செதுக்குவித்தல் இன்றைய துப்பாக்கிப் பிரியர் சிலரின் தனி விருப்பமாகும். கண்டிக் காலத்திலோ அது கம்மியனின் நாளாந்த வேலையாக இருந்தது.

இக்கலையின் உச்சங்களுள் ஒன்றாகக் கூறத்தக்கது, லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டளவில் மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கியாகும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதிக்கப்பெற்ற அது போருக்கன்றிக் காட்சிக்கே உரியதாயிருந்தது. நாயக்க வமிசத்தவனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆண்ட காலத்தில், 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அதுவும் கடல் கடந்தது. பின்னர் ஆம்ஸ்ரடாம் நகரின் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1815இற் கண்டி பிரித்தானியர் கைப்பட்டதும், 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், துவக்குக் கம்மியரின் வாழ்வுக்கு முடிவுரை எழுதின எனலாம். அதன்பின் இந்நாட்டின் சிறந்த துப்பாக்கி எது என்ற வினாவுக்கு விடை பேர்மிங்காமிலிருந்தும் பிரிஸ்ரலிலிருந்தும் கப்பலில் வந்தது.

அவ்விடையைத் தம் நூல்களில் விரித்துரைத்தவர்களும் இலங்கையில் இருந்தனர். நுவரெலியாவிற் குடியேறி 1850களில் இலங்கை வேட்டை பற்றி நூலெழுதிய சாமுவேல் பேக்கர், தம் துப்பாக்கிகளின் நிறை, குழலின் நீளம், மருந்தின் அளவு ஆகியவற்றை ஒரு தச்சனின் நுணுக்கத்தோடு ஒப்பிட்டுள்ளார். பிரிஸ்ரல் நகரின் கிப்ஸ் என்பாரிடம் அவர் செய்வித்த துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. 4 அவுன்சுக் குண்டைச் செலுத்துவது. இத்தகைய ஆர்வத்தின் விலையை யானைகளே செலுத்தின. 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்பது பலரும் அறிந்ததே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்வலரின் கவனம் கைத்துப்பாக்கியின்பாற் சென்றது. பிரித்தானியப் படை அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்தில் வாங்கும் வழக்கம் இருந்தமையால், எது சிறந்தது என்ற விவாதம் அவர்களிடையே ஓயாது நிகழ்ந்தது. ஒரு பக்கம் நின்றது ரிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. வெப்லி நிறுவனத்தின் ஆறாம் மாதிரி 1915இற் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது. 0.455 அங்குல விட்டமுள்ள ஆறு ரவைகளைக் கொண்ட அதனை நடுவே மடித்துத் திறந்தால் வெற்றுக் கோதுகள் தாமே வெளியேறும். ஒரு ரவை வெடிக்கத் தவறினும் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்த ரவை முன்வரும். சேறும் ஈரமும் மிகுந்த இடங்களில் அதனை நம்பலாம் என்ற கருத்து இதனாலேயே வேரூன்றியது.

மறுபக்கம் நின்றவை, வெடியின் விசையாலேயே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள். இவை ரவைக்கூட்டைப் பிடியினுள்ளே கொண்டமையால் தட்டையாகவும், விரைந்து நிரப்பத்தக்கனவாகவும் இருந்தன. ஆனால் அழுக்கோ குறையுள்ள ரவையோ இடையிற் புகுந்தால் இயக்கம் தடைப்படும் என்பது இவைமீது சாட்டப்பட்ட குறை. அமெரிக்கப் படையினர் 1911இல் நடத்திய சோதனையில் ஜோன் பிரவுணிங் வகுத்த கைத்துப்பாக்கி 6,000 ரவைகளை இடையீடின்றிச் சுட்டுத் தேறியபோது அக்குறை பெரிதும் நீங்கிற்று.

பிடியின் வரலாறும் இவ்விவாதத்தின் ஒரு கிளையே. வெப்லியின் முந்திய மாதிரிகளிற் பிடி பறவையின் தலைபோல வளைந்திருந்தது. ஆறாம் மாதிரியில் அது சதுர அடியுடையதாய் மாறியது. ஜேர்மனியின் மௌசர் துப்பாக்கியின் பிடி விளக்குமாற்றுக் காம்பை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே அறியப்பட்டது. பிடி பெரிதாயிருப்பின் விரல் விசையை எட்டாது. சிறிதாயிருப்பின் உதைப்பிலே குறி தவறும். ஈரக் காற்றிலே மரம் பருத்துச் சுருங்கும். வன்றப்பர்ப் பிடிக்கு அக்கேடு இல்லை. இவற்றையெல்லாம் ஆராய்வதில் அறிவுக்குரிய இன்பம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. பொறியியலும் உடலமைப்பும் அழகுணர்வும் சந்திக்கும் இடம் அது.

எனினும், 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியில் முஸ்லிம் மக்களுக்கெதிராகத் தொடங்கிக் கொழும்புக்கும் பரவிய வன்செயல், வினாவை வேறு தளத்துக்கு இட்டுச் சென்றது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் தொண்டர் படையினரும் ஆயுதம் பெற்றனர். விசாரணையின்றியே பலர் சுடப்பட்டனர். நகரக் காவற்படை அதிகாரியாகிய ஹென்றி பேதிரிஸ் 1915 யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வேட்டைக்கும் குறிபார்த்தலுக்கும் பயன்பட்ட திறமை, கேட்பாரற்ற தண்டனைக்குப் பயன்பட்ட காட்சியை நாடு கண்டது. இதனைச் சட்டசபையில் வன்மையாகக் கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவ்வுரைகளை உள்ளடக்கிய அவரது நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது. தாக்குண்ட முஸ்லிம்களின் துயரை அவர் போதிய அளவு கருதவில்லை என்ற குறையும் அன்று முதலே கூறப்பட்டு வந்துள்ளது. ஆயினும் துப்பாக்கி ஏந்தியவன் யாருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற அவரது வினா காலத்தைக் கடந்து நிற்பது.

அதே 1916ஆம் ஆண்டில் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் அதனாற் குற்றமாயிற்று. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. துப்பாக்கியின் சிறப்பு, நம்பகம், பிடி என்பவற்றைச் சட்டம் கேட்பதில்லை; அதனை வைத்திருப்பவனின் பெயரையும் தேவையையுமே அது கேட்கும்.

ஆர்வலர் சிறப்பென மெச்சிய குணங்களே கைத்துப்பாக்கியைக் கொலைக்கு ஏற்றதாக்கின. கையடக்கமாயிருத்தல் மறைத்து வைத்தலை எளிதாக்கியது. 1911 யூன் 17ஆம் நாள் மணியாச்சிச் சந்தியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்திற் செய்த பிரவுணிங் கைத்துப்பாக்கியால். 1914இற் சரயேவோ நகரில் உலகப் போருக்கு வழிகோலிய வெடிகளும் அதே நிறுவனத்தின் துப்பாக்கியிலிருந்தே எழுந்தன. 1959 செப்ரெம்பர் 25ஆம் நாள் கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்ட ரிவோல்வர், துறவியொருவரின் காவியுடையினுள் மறைந்து வந்தது. வணங்கக் குனிந்த பிரதமருக்கு எதிரே நின்றவரின் கையில் அக்கருவி பிழையாது வெடித்தது. நம்பகம் என்னுஞ் சொல் அங்கே எத்தகைய பொருளைப் பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இவ்வரலாற்றை வேறு வகையில் அறியும். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதலிலும், 1983 யூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களிலும், கும்பலின் கருவிகள் பெரும்பாலும் தடியும் தீயுமே. 1983இற் காவலுக்குரியோரின் துப்பாக்கிகள் பல இடங்களில் வாளாவிருந்தன. சுடாத துப்பாக்கியும் ஒரு பக்கஞ் சாரக்கூடும் என்பதை வெள்ளவத்தை அன்று கற்றது. ஆறாண்டுகளின்பின், 1989 யூலை 13ஆம் நாள், அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொழும்பு இல்லத்திற் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேச்சுக்கென வந்து மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்தவர்கள் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த தமிழரே. ஆகவே 'யாருடைய கை' என்ற வினாவுக்கு இனத்தின் பெயரை மட்டும் விடையாகக் கூறிவிட முடியாது.

இவ்வரலாற்றின் இழைகள் ஒன்றுசேரும் இடமொன்று கொட்டாஞ்சேனையில் உண்டு. பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கற்றளியாகப் புதுப்பித்தவர், 1915ஆம் ஆண்டுத் துப்பாக்கிகளுக்குக் கணக்குக் கேட்ட அதே இராமநாதன். 2008 ஜனவரி முதலாம் நாள், அவ்வாலயத்திற் புத்தாண்டு வழிபாட்டிற்கு வந்திருந்த பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் கைத்துப்பாக்கியாற் சுடப்பட்டு உயிரிழந்தார். கல்லில் நுண்வேலை செய்த கைகளின் ஆக்கத்தினிடையே, கையடக்கமான கருவியொன்றின் அழிப்பு நிகழ்ந்தது.

1765இற் கொள்ளைபோன லெவ்கேயின் பீரங்கியும், அதனோடு இரு சுவர்த்துவக்குகளும் வாளும் கத்தியும் நெதர்லாந்து அரசினால் 2023 டிசெம்பரிற் கொழும்பு நூதனசாலையில் ஒப்படைக்கப்பட்டன. அங்கே துப்பாக்கிப் பிரியரின் மூன்று வினாக்களையும் தயக்கமின்றிக் கேட்கலாம். பொறியின் நுட்பத்தை ஒப்பிடலாம். இழைப்பின் அழகை வியக்கலாம். அப்பிடியைச் செதுக்கிய பெயரறியாக் கம்மியனை நினைந்து போற்றலாம். நான்காவது வினாவுக்கு அங்கே இடமில்லை, அத்துவக்குகளின் பிடியை எக்கையும் இன்று பற்றியிருக்கவில்லையாதலால். நூதனசாலையின் வாயிலைக் கடந்து நகருக்குள் வந்த கணமே அவ்வினாவே முதல் வினாவாகிவிடுகின்றது.