நெப்ராஸ்கா புல்வெளியில் ஒரு தாய்

விழா மலர் என்றால் பங்கில் பணியாற்றிய குருக்களின் வரிசை, ஆலயத்திற்கு நிலம் ஈந்தவர், கோபுரம் எழுப்பியவர், மணி வாங்கித் தந்தவர் ஆகியோரின் பெயர்கள் இடம் பெறுவது வழக்கம். ஆனால் அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக் கொடுத்த தாய்மாரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்க, ஒரு குடும்பத் தாயின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறோம். அவர் நம் ஊரார் அல்லர். செக் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்தவர்.

செக் நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வீடுகள் பலவற்றில் விளக்கேற்றி வணங்கும் குழந்தை இயேசுவின் சுரூபம் அந்நாட்டுத் தலைநகரான பிராகு நகரில் உள்ளது. பொலிக்சேனா என்னும் சீமாட்டி, தம் தாய் திருமணப் பரிசாகத் தந்த அச்சுரூபத்தை 1628-இல் அந்நகரக் கார்மேல் சபைத் துறவியருக்குக் கொடுத்தார். ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்த பொருள்தான் இன்று உலகெங்கும் வணங்கப்படுகிறது.

நாம் கூற வந்த தாயின் பெயர் அன்னா. 1869-இல் பொகேமியாவில் சடிலெக் என்னும் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்க அரசு, 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறிப் பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கி வந்தது. அழகிய வீடுகளும் மரங்களும் உள்ள நாடு என்று அங்கிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றை நம்பி, நெசவாளியான அன்னாவின் தந்தை 1880-இல் மனைவி மக்களோடு நெப்ராஸ்கா மாநிலத்திற்குச் சென்றார். அங்கே அவர்கள் கண்டது பனி மூடிய புல்வெளி. பாதை இல்லை. கடிதத்தில் படித்த அழகிய வீடுகள் ஓடைக்கரையில் தோண்டிய குழிகளாக இருந்தன. அன்னாவுக்கு அப்போது வயது 11.

மூன்று மாதம் சென்றது. 1881 பிப்ரவரியில் ஒரு பிற்பகல், முயல் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தந்தை துப்பாக்கியோடு வெளியே சென்றார். மாலை ஐந்து மணியாகியும் திரும்பவில்லை. தேடிச் சென்றவர்கள் தலையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தவரைக் கண்டனர். தற்கொலை என்றார் அதிகாரி. குடிக்காதவர், சீட்டாடாதவர், தீய சொல் பேசாதவர் என்று மகளே பிற்காலத்தில் சாட்சி சொன்ன மனிதர் அவர். அருகே கல்லறைத் தோட்டம் எதுவும் இல்லை. அண்டை வீட்டார் ஒருவர் பலகை அடித்துப் பெட்டி செய்து கொடுக்க, நிலத்தின் மூலையிலேயே புதைத்தார்கள்.

இங்கே சற்று நின்று ஒன்று கூறுதல் வேண்டும். தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டவரின் வீட்டிற்குச் செல்லும்போது குருக்களாகிய நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "சாமி, கல்லறையில் இடம் உண்டா?" என்பதே. அழுகைகூடப் பிறகுதான். அன்று திருச்சபையின் வழக்கம் கடுமையாக இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டு மனந்திரும்பிய அடையாளம் ஏதும் காட்டாதவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அத்தடை இடம் பெறவில்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் (எண் 2283), அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தல் ஆகாது, இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழியில் மனமாற்றத்திற்கு வாய்ப்பளிக்க வல்லவர், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று போதிக்கிறது. இன்றும் சிலர் பழைய எண்ணத்திலேயே துயரத்தை மறைத்து வாழ்கின்றனர். அவர்கள் இதனை அறியட்டும்.

தந்தை போனபின் சிறுமி அன்னா வயலில் ஆண்களுக்கு நிகராக உழைத்தார். பின்னர் ரெட் கிளவுட் என்னும் சிற்றூரில் மைனர் என்னும் வணிகர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, சமையலும் தையலும் செய்தார். அவ்வூரில்தான் வில்லா காதர் என்னும் இளம்பெண் அவரோடு பழகினார். இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம்.

அடுத்து வந்தது அவமானம். இரயில்வேயில் வேலை பார்த்த ஒருவன் மணப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்று, கைவிட்டு ஓடினான். அன்னா கருவுற்றவராகத் தாய் வீடு திரும்பினார். இத்தகைய பெண்ணை ஊர் எவ்வாறு பேசும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. எல்லா ஊரும் ஒன்றுபோலவே பேசுகிறது. அவர் குழந்தையை மறைக்கவில்லை. ரெட் கிளவுட்டில் உள்ள புனித ஜூலியானா பால்கொனியேரி ஆலயத்திற்குத் தூக்கிச் சென்று திருமுழுக்குப் பெறச் செய்தார். 1896-இல் அதே ஆலயத்தில் செக் இனத்தவரான ஜான் பவெல்காவை மணந்தார். பிறர் பேச்சைப் பொருட்படுத்தாது அவரையும் குழந்தையையும் ஏற்றுக்கொண்ட ஜான், நம் மதிப்பில் உயர்ந்த மனிதர்.

அவர்கள் இல்லறம் பிளேடன் என்னும் ஊரருகே ஒரு பண்ணையில் நடந்தது. பத்துப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாயினர். வீட்டின் பின்னே நிலவறை. பழங்களையும் காய்களையும் பக்குவப்படுத்திக் குளிர்காலத்திற்காக அதில் சேமித்து வைப்பது அன்னாவின் வேலை. ரொட்டி சுடுவது, வாத்து வளர்ப்பது, பால் கறப்பது, துணி தைப்பது என்று விடியுமுன் தொடங்கும் நாள் அது.

அமெரிக்காவில் குடியேறிய செக் மக்களில் பெரும் பகுதியினர் திருச்சபையை விட்டு விலகி, சுதந்திரச் சிந்தனையாளர் என்று தம்மை அழைத்துக்கொண்டனர். பூசைக்குக் குருவானவர் எப்போதோ ஒரு முறைதான் வருவார். அங்கே விசுவாசம் தங்கியிருந்ததென்றால், அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடமே என்பது நம் கருத்து. ரொட்டியை அறுக்குமுன் கத்தியால் அதன்மேல் சிலுவை வரைவது செக் குடும்பங்களின் வழக்கம். உலையில் அரிசி போடுமுன் சிலுவை போடும் பாட்டிமார் நம்மிடையேயும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தின நாள் முழுதும் ஒருசந்தி இருந்து, விண்மீன் தோன்றியபின் குடும்பமாக உண்பார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில் செக் கத்தோலிக்கப் பெண்கள் 1894-இல் யோக்கம் நகரில் தங்களுக்கென ஓர் ஒன்றியமே தொடங்கினர். வீட்டுக்காரிகள்தாம் அவர்கள். சாவு நேர்ந்த குடும்பத்திற்குப் பண உதவி கிடைக்கச் செய்வது அதன் நோக்கம்.

ஆண்டுகள் பல சென்று, புகழ் பெற்ற எழுத்தாளராகிவிட்ட வில்லா காதர் அந்தப் பண்ணை வீட்டிற்கு வந்தார். பல் விழுந்து, முகம் சுருங்கி, பிள்ளைகள் சூழ நின்ற பழைய தோழியைக் கண்டார். 1918-இல் வெளியான 'என் அன்டோனியா' என்னும் நாவலின் தலைவி இந்த அன்னாவே. எழுதியவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் மக்களைப் பெற்று வளர்த்த ஒரு பெண்ணின் மேன்மையை அவர் கண்டுகொண்ட அளவுக்கு நம்மில் பலர் கண்டதில்லை. ஜானை நினைத்தும் பின்னர் ஒரு கதை எழுதினார். ஜான் 1926-இல் இறந்தார்.

1955 பிப்ரவரியில், பள்ளி மாணவி ஒருத்தி நாவலைப் படித்துவிட்டு அன்னாவுக்குக் கடிதம் எழுதினாள். அப்போது அவருக்கு வயது 85. தம் கொச்சை ஆங்கிலத்தில் அவரே பதில் எழுதினார். பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் கதையில் உள்ளது பெரும்பாலும் உண்மைதான் என்றார். தம் பிள்ளைகளைப் பற்றியும், தந்தை இறந்த அந்த மாலைப் பொழுதைப் பற்றியும் எழுதினார். 74 ஆண்டுகள் கடந்தும் ஒரு சிறு விவரமும் அவருக்கு மறக்கவில்லை. நிலத்தின் மூலையில் கிடந்த தந்தையைச் சகோதரர்கள் பின்னர் எடுத்து ரெட் கிளவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள் என்றும், தாயும் ஒரு சகோதரரும் அவரோடு துயில்கிறார்கள், அவர்களுக்குக் கல்லும் நட்டிருக்கிறது, இனிதே இளைப்பாறுவார்கள் என்று நம்புகிறேன் என்றும் குறிப்பிட்டார்.

அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று அன்னா இறந்தார். பிளேடன் அருகே அவருடைய கல்லறை உள்ளது. பண்ணை வீட்டையும் நிலவறையையும் காதர் நினைவு நிறுவனத்தார் பாதுகாத்து வருகிறார்கள்.