பழைய சிறு சரக்குந்துகளை மாற்றியமைத்தல்

பழைய சிறு சரக்குந்து ஒன்றின் இயந்திரம், அடிச்சட்டம், வில்பட்டைகள், சுமைத்தொட்டி முதலியவற்றை அதன் உரிமையாளர் தாமாகவோ உள்ளூர்ப் பட்டறையின் துணையுடனோ வேறு வகையில் அமைத்துக்கொள்வது வாகன மாற்றியமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது "ஆல்ட்ரேஷன்" எனப்படும். தேய்ந்த உறுப்பை நீக்கி அதே வகை உறுப்பை இடுவது பழுதுபார்த்தல் மட்டுமே. அது இதில் அடங்காது.

பின்னணி

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் பகுதி முந்திரி, நிலக்கடலை, கரும்பு விளையும் பகுதியாகும். இத்தகைய ஊர்களில் விளைபொருளைத் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுசெல்ல மகிந்திரா ஜீப்புகள், பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மாட்டடோர், டாட்டா 207 போன்ற வண்டிகள் நெடுங்காலம் பயன்பட்டன. 2005 ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் (மக்கள் வழக்கில் "குட்டி யானை") அறிமுகமானபின் சிறு சுமைக்குப் பழைய வண்டியைத் தேடும் தேவை குறைந்தது. எனினும் புதிய வண்டியின் விலையைக் கொடுக்க இயலாதவர்கள் பழையதையே திருத்திப் பயன்படுத்துகின்றனர். பழைய உதிரி உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்தை பெயர் பெற்றது.

இயந்திர மாற்றம்

1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை உயர்ந்தபின் பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் இயந்திரம் பொருத்தும் வழக்கம் இந்தியாவில் பரவியது. மகிந்திரா நிறுவனமே முதலில் இன்டர்நேஷனல் இழுவை இயந்திரத்திலிருந்து உருவான டீசல் இயந்திரத்தையும், பின்னர் 2112 கன செ.மீ. கொள்ளளவுள்ள பூஜோ இயந்திரத்தையும் தன் ஜீப்புகளில் பயன்படுத்தியது.

இயந்திரத்தைத் தூக்கி வைப்பது இவ்வேலையின் எளிய பகுதி. கடினம் அதன்பின் தொடங்குகின்றது. புதிய இயந்திரத்தின் கிளட்ச் உறை பழைய கியர்ப்பெட்டியுடன் பொருந்துவதில்லை. இடையில் லேத்துப் பட்டறையில் கடைந்த தகடு தேவைப்படும். அத்தகட்டின் மையம் சற்றே விலகினாலும் கியர்ப்பெட்டியின் தாங்கி உருளைகள் விரைவில் கெடும். இயந்திரத்தின் இருப்பிடம் மாறுவதால் சுழல்தண்டின் நீளமும் மாறுகின்றது. டீசல் இயந்திரம் குறைந்த சுழற்சி வேகத்தில் இயங்குவதால், பின் அச்சின் பற்சக்கர விகிதத்தை மாற்றாவிடில் வண்டியின் உச்ச வேகம் குறையும். எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் குழாய், வலுவான மின்கலம், குளிர்ந்த நிலையில் இயந்திரத்தைக் கிளப்ப உதவும் வெப்பச் செருகிகள் ஆகியனவும் வேண்டும்.

பலர் மறப்பது நிறுத்தியை. பெட்ரோல் இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது அதன் உள்ளிழு குழாயில் வெற்றிடம் உண்டாகின்றது. அதுவே நிறுத்தியின் உதவிக் கருவியை இயக்குகின்றது. டீசல் இயந்திரத்தில் அத்தகைய வெற்றிடம் கிடைப்பதில்லை. எனவே தனி வெற்றிட எக்கி பொருத்தப்படல் வேண்டும். இல்லையெனில், முன்னைவிடக் கனமான வண்டியை ஓட்டுநர் தம் கால் வலிமையால் மட்டுமே நிறுத்த நேரிடும்.

அடிச்சட்டமும் வில்பட்டைகளும்

பழைய வண்டியின் அடிச்சட்டத்தில் துருவே முதல் எதிரி. சுத்தியலால் தட்டிப் பார்த்து ஓசை மந்தமாக உள்ள இடங்களைப் பட்டறையாளர் குறித்துக்கொள்வர். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளே பெரும் இழுவிசையையும் அமுக்கத்தையும் தாங்குவதால், துளையிடுதலும் பற்றவைப்பும் நடுப்பகுதியில் செய்யப்படுவது நன்று. வலுவூட்டும் தகட்டின் முனை நேராக வெட்டப்பட்டால் அவ்விடத்தில் விசை குவிந்து விரிசல் விடும். ஆதலால் அது சாய்வாக வெட்டப்படுகின்றது. மின்கல இணைப்பைக் கழற்றிய பின்னரே பற்றவைத்தல் வேண்டும். இல்லாவிடில் மின்னாக்கியின் இருமுனையங்கள் கருகக்கூடும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியின் அடியில் ஒருவரும் படுத்தலாகாது.

மிகுந்த சுமை ஏற்றுவதற்காகக் கமான் பட்டைகளைக் கூட்டுவது பரவலான பழக்கம். இதனால் வண்டியின் பின்புறம் தாழாது. சுமை மிகவில்லை என்ற தோற்றம் ஏற்படும். ஆனால் அச்சு, சக்கரத் தாங்கிகள், நிறுத்தி, டயர் ஆகியவற்றின் தாங்குதிறன் பழையபடியே இருக்கின்றது. வண்டி முறியாமல் இருப்பதும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் வெவ்வேறு. அளவுக்கு மீறிய சுமைக்கு, 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாக விதிக்கின்றது.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இதனைக் கட்டுப்படுத்துகின்றது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது இதன் சாரம். ஏற்பளிக்கப்பட்ட கருவித் தொகுதியைக் கொண்டு வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு விலக்கு உண்டு. இயந்திரம் மாற்றப்பட்டால் அதன் புதிய எண் பதிவுச் சான்றில் இடம்பெறல் வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டின் திருத்தத்தால், புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. எட்டு ஆண்டு கடந்த வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று ("எஃப்.சி.") பெறவேண்டியிருப்பதால், பதிவுச் சான்றோடு பொருந்தாத இயந்திர எண்ணோ நீட்டிய தொட்டியோ அங்கு வெளிப்பட்டுவிடும். விபத்து நேரின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இதனையே காரணமாகக் காட்டவும் கூடும்.

ஒத்த வண்டிகள்

சென்னையில் மிதிவண்டிச் சட்டத்தில் பழைய இருசக்கர இயந்திரத்தைப் பூட்டி ஓட்டும் மீன்பாடி வண்டியும், வட இந்தியச் சிற்றூர்களில் நீரிறைக்கும் டீசல் இயந்திரத்தைக் கொண்டு கட்டப்படும் ஜுகாடும் இவ்வகையின் தீவிர வடிவங்கள். ஜுகாட் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் அடங்கும் என 2013 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.