கென்னிங்

கென்னிங் என்பது, ஒரு பொருளின் இயற்பெயரைத் தவிர்த்து, இரு சொற்கள் இணைந்த தொகையால் அதைச் சுற்றிச் சொல்லும் அணி. பழைய ஆங்கிலக் கவிதையிலும் பழைய நார்ஸ் கவிதையிலும் வழங்கியது. ‘கென்னா’ என்ற நார்ஸ் வினையிலிருந்து பெயர் பெற்றது. கடல் ‘திமிங்கிலப் பாதை’ ஆகும். உடல் ‘எலும்பு வீடு’. கதிரவன் ‘உலகின் மெழுகுவர்த்தி’. அன்மொழித்தொகை போலத் தோன்றினும் இதற்கு அடிப்படை உருவகமே. அரசனைக் குறிக்கும் ‘மோதிரம் ஈவோன்’ போன்றவற்றில் உருவகம் இல்லை என்று அவற்றை விலக்கும் ஆய்வாளரும் உண்டு.

பழைய ஆங்கில யாப்பு மோனையால் அடியின் இரு பாதிகளைப் பிணைப்பது. ஒரே பொருளுக்கு வெவ்வேறு முதலெழுத்துடைய சொற்கள் புலவனுக்குத் தேவைப்பட்டன. கென்னிங் பெருகியதற்கு அழகைவிட இத்தேவையே முதன்மைக் காரணம் எனலாம். நார்ஸ் புலவர் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிப் புதிர்போல் ஆக்கினர். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் தம் ‘எட்டா’ நூலில் இவற்றை விளக்கினார்.

1066ஆம் ஆண்டு நார்மானியர் வெற்றிக்குப்பின் ஆங்கிலத்தில் இவ்வழக்கு அருகியது. கென்னிங் மிகுந்த ‘பேவுல்ஃப்’ காப்பியம் 3182 அடிகளைக் கொண்டது. 1731ஆம் ஆண்டுத் தீயில் ஓரம் கருகிய அதன் ஒரே கைப்பிரதி லண்டனின் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.