ஐயாற்றிற் கயிலை

சோழவள நாட்டிற் காவிரியின் வடகரைக்கண் விளங்குந் திருவையாறு, ஏழூர்த் தலங்களுக்குந் தலைமை பூண்ட திருப்பதியாகும். தஞ்சையினின்று வடக்கு நோக்கிச் செல்வோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்னும் ஆறுகளைக் கடந்து, ஐந்தாவதாகிய காவிரியையுந் தாண்டியே இவ்வூரை அடைவர். ஊர்ப்பெயர்க்கு இவ்வைந்தாறுகளே காரணம் என்பாரும், நந்திதேவரது திருமுழுக்கிற்குரிய ஐந்து தீர்த்தங்களே காரணம் என்பாரும் உளர். நடந்து வரும் அடியார்தங் கால்கள் அறிந்தது முன்னைய பொருளே போலும்.

மூவர் முதலிகள் இத்தலத்திற்கு அருளிய திருப்பதிகங்கள் 18. அவற்றுள் ஆளுடைய பிள்ளையார் அருளியன 5. நம்பியாரூரர் அருளியது 1. எஞ்சிய 12-உம் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளியனவாம். இப்பன்னிரண்டனுள் ஒன்று, நான்காந் திருமுறையில் காந்தாரப் பண்ணில் அமைந்து, சுவாமிகள் ஈண்டுக் கண்ட கயிலைக் காட்சியைத் தன்னகத்தே கொண்டு நிற்பது.

அக்காட்சியின் வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. காசியில் உடன்வந்த அடியார்களை நிறுத்தித் தமியராய் வடதிசை சென்ற சுவாமிகள், கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும், அதுவுந் தேயப் புரண்டும் சென்றனர். முனிவர் வடிவில் இறைவன் வந்து தடுப்பவும், கயிலை காணாது இவ்வுடலொடு மீளேன் என்று மறுத்தனர். பின்னர்த் திருவருள் ஆணைவழி ஆண்டுள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்று வாவியில் எழுந்தனர். இவ்வாறு விரித்துரைத்தவர், இரண்டாங் குலோத்துங்கன் (கி. பி. 1133–1150) காலத்தவராகிய சேக்கிழார் பெருமான்.

இனி, பதிகத்தை நோக்குவார்க்கு ஓர் ஐயம் நிகழும். பதினொரு பாடல்களுள் ஒன்றிலேனும் வடதிசைச் செலவோ, பனிமலையோ, பொய்கையோ கூறப்பட்டில. பூவும் நீருஞ் சுமந்து செல்லும் அடியார் பின்னே தாமும் புகுதலும், எதிரே பிடியொடு களிறு வருதலுமே முதற்பாட்டிற் காணப்படும். தொடர்ந்து கோழியும், குயிலும், மயிலும், அன்றிலும், பன்றியும், மானும், நாரையும், கிளியும், ஏறும் தத்தந் துணையொடு வருகின்றன. இவையெல்லாம் காவிரிக் கரையில் வாழ்வார் கேட்டும் கண்டும் பழகியவை. அங்ஙனமாயின், முன்பு கண்டறியாதவற்றைக் கண்டதாக ஒவ்வொரு பாட்டினும் சுவாமிகள் வியந்துரைத்தல் எற்றுக்கு?

இவ்வினாவிற்கு விடையாகவே சேக்கிழார் வாக்கு அமைந்துள்ளது என்க. காணப்பட்ட பொருள் பழையதே. கண்ட கண் புதியது. ஆணும் பெண்ணுமாகிய எவ்வுயிரும் சத்தியுஞ் சிவமுமாய்த் தோன்றிய பொழுது, நாடோறுங் கண்ட களிறும் பிடியும் கண்டறியாதனவாயின. கால், கை, மார்பு என்பன ஒன்றன்பின் ஒன்றாய்த் தேய்ந்தமை, தன்முயற்சி முற்றும் ஓய்ந்தமையைக் காட்டும். பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அறியப்படாத பதி பதிஞானத்தான் அறியப்படுவன் என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாருள் நிறுவிய உண்மைக்கு, பொய்கையில் மூழ்கிய இந்நிகழ்ச்சியினும் தெளிவான எடுத்துக்காட்டுப் பிறிதின்று. பதிகம் கூறியது காட்சி. புராணம் கூறியது அக்காட்சி எய்திய நெறி. இரண்டும் தம்முள் முரணுவன என்பார், பதிகப் பொருளை ஊன்றி நோக்காதவரே.

ஐந்து பிராகாரங்களுடைய ஐயாறப்பர் பெருங்கோயிலின் மதிலகத்தே இக்காட்சிக்குக் கற்சான்றும் உண்டு. வடபால் உள்ள தளியை எடுப்பித்தவர், முதலாம் இராசராசன் (985–1014) தேவியாராகிய தந்திசத்தி விடங்கி என்னும் உலோகமாதேவியார். அவர் பெயரால் அது கல்வெட்டில் உலோகமாதேவீச்சரம் எனப்பட்டது. தென்பால் உள்ளது, முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவன் தேவியாராற் சிறப்புற்றது. ஊரார் இன்று இவ்விரண்டனையும் வடகயிலாயம், தென்கயிலாயம் என்றே வழங்குகின்றனர். அரசியார் பெயர் கல்லில் நின்றது. நாவில் நின்றது அப்பரடிகள் கண்ட கயிலையே.

வழிபடுவோருட் பலர் ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் வணங்கிய அளவிலே மீள்கின்றனர். தென்மேற்கு மூலையில் நின்று ‘ஐயாறா’ என விளித்து, எதிரொலி எத்துணை முறை எழுகின்றது என எண்ணி மகிழ்வாரும் பலர். சேரமான் பெருமாளொடு போந்த நம்பியாரூரர், காவிரி வெள்ளம் வழிவிட ஓலமிட்ட வரலாற்றை அவருள் எத்துணைப் பேர் நினைப்பரோ!

ஆடி அமாவாசையிலேனும் தென்கயிலாயம் அன்பர் திரளால் நிறைகின்றது. அந்நாளிற் கயிலைக் காட்சி விழாக் காண வருவோர், தென்கயிலாயத் திருச்சுற்று மாளிகைத் தூண்களையுஞ் சற்றே நோக்குக. கரிய கல்லில் நுண்ணிய வேலைப்பாடு அமைந்த அவை சோழநாட்டுத் தச்சர் கைவண்ணம் அல்ல. ஆந்திர மாநிலத்து ஏமாவதியை ஆண்ட நுளம்பர்தங் கோயிற் றூண்கள். சோழர் வெற்றிப் பொருளாகக் கொணர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பகைவர் நாட்டுத் தூண்களே இன்று அப்பரடிகள் கயிலைக்கு நிழல் தந்து நிற்கின்றன.