இரத்தினபுரிக்குத் தெற்கே ஒரு முட்காடு

இரத்தினபுரி என்றதும் மாணிக்கமும் மழையும் வெள்ளமுமே நம் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் நகரம் அது. சிங்கராஜ மழைக்காட்டின் ஒரு பகுதியும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. ஆனால் பெல்மடுல்ல, கஹவத்தைத் தோட்டங்களைக் கடந்து கொடகவெல வழியாகத் தெற்கே இறங்குவோருக்கு உடவளவையை அடைவதற்குள் காட்சி முற்றாக மாறிவிடும். மழை பாதிக்கும் கீழே குறைந்து, முட்பற்றையும் உயர்ந்த புல்லும் நிறைந்த வெளி தொடங்கும். அதற்கும் தெற்கே, கடலை நோக்கி, அம்பாந்தோட்டையின் வரண்ட நிலம் விரிகிறது.

இலங்கையில் பாலைவனம் இல்லை. அதற்கு அண்மையில் வரக்கூடிய நிலம் இரு இடங்களில் உண்டு. ஒன்று மன்னார் முதல் புத்தளம் வரையிலான வடமேற்குக் கரை, மற்றையது அம்பாந்தோட்டை. உடை, விடத்தல், பாலை, வீரை ஆகியன இத்தகைய நிலங்களின் மரங்கள். ஈழத்தமிழில் இதனைப் பற்றைக்காடு என்கிறோம். அச்சொல்லில் ஓர் அலட்சியம் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுவதுண்டு. மழைக்காட்டை வெட்டினால் உலகம் கேள்வி கேட்கும். பற்றைக்காட்டை வெட்டினால் அதற்குத் துப்புரவு என்று பெயர்.

இந்த முட்காட்டை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் லெனார்ட் வுல்ஃப். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய நாவல் 1913 இல் வெளியானது. சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதிச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே ஏழையின் உயிரும் இருக்கிறது என்பதை அந்நாவல் காட்டியது. காட்டைக் காப்பதற்கான சட்டம் ஊர்த் தலைவனின் ஆயுதமாக மாறும் கதை அது.

1960களில் வளவை கங்கை மறிக்கப்பட்டு உடவளவை நீர்த்தேக்கம் உருவாயிற்று. நீரில் மூழ்கிய காடுகளிலிருந்து விரட்டப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடமாக, இரத்தினபுரி, மொனராகலை மாவட்டங்களில் 30,821 ஹெக்டேயர் நிலம் 1972 ஜூன் 30 அன்று தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே சேனை செய்து வந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தைக் கினிப்புல்லும் உண்ணிச்செடியும் பிடித்துக்கொண்டன. வறியவர்களுக்கும் பற்றைக்காட்டுக்குமுள்ள தொடர்பு நம்மவர்களுக்கும் புதிதன்று. 1977 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்ற மலையகக் குடும்பங்கள் முதலில் செய்த வேலை காடு வெட்டுவதாகவே இருந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

வெட்டாமலும் ஒரு காட்டை இழக்கலாம் என்பதற்குப் பூந்தல சான்று. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகவும் 1993 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. உவர் மண்ணைச் சீராக்கவென்று 1950களில் அம்பாந்தோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் அங்கே பரவிற்று. மாடுகளும் எருமைகளும் அதன் இனிப்பான காய்களைத் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்புகின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும், வேரோடு பிடுங்கவேண்டும். அதன் அடர்த்தியில் உள்ளூர்ப் பற்றைகள் ஒடுங்கின. இராமநாதபுரத்து வாசகர்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை. 2017 இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அகற்றுமாறு உத்தரவிட்டதும், பின்னர் அதே ஆண்டில் அது நிறுத்திவைக்கப்பட்டதும் இதே மரம் குறித்துத்தான். நாகதாளியும் பூந்தலயில் ஒரு தொல்லை. அதன் பழத்தைத் தின்னும் குரங்குகளே அதற்கு வாகனம்.

இன்னோர் இழப்பு நீரால் நேர்ந்தது. லுணுகம்வெஹெர நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களில் வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் சேர்ந்து உவர்த்தன்மையைக் குறைத்தது. உவர்நீர் உயிரினங்களை உண்ணவரும் பூநாரைகளின் பெருங்கூட்டங்கள் அதன்பின் அருகிவிட்டன. வயலுக்கு நீர் வேண்டாமென்று எவர் சொல்வார்?

ஆழிப்பேரலைக்குப் பிந்திய புதுநகரம், துறைமுகம், 2013 இல் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையம் யாவும் யானைகள் நடமாடிய முட்காட்டில் எழுந்தவை. 2016 இல் மத்தளைச் சூழலிலிருந்து விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் இறக்கப்பட்டனர். விமானங்களைவிட யானைகள் அதிகம் என்ற பகிடி அக்காலத்தில் பரவலாயிருந்தது.

பற்றைக்காட்டைக் காக்குமாறு கடைசியில் உரத்துக் கேட்டவர்கள் உழவர்களே. யானைகளுக்கு இடமில்லாததால் அவை தம் பயிரைத் தேடி வருகின்றன என்று கண்டுகொண்ட வல்சபுகல விவசாயிகள், முகாமைத்துவம் செய்யப்படும் யானைக் காப்பகத்தை வர்த்தமானியில் பிரகடனப்படுத்துமாறு கோரி 2021 இன் தொடக்கத்தில் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வர்த்தமானி அவ்வாண்டே வெளியாயிற்று. அதன் பின்னரும் அக்காணிகளில் அத்துமீறல் நின்றபாடில்லை.